வயிற்றைத் திறந்தபின்: அவசர அறுவையில் காயத்தொற்றைத் தடுத்த வரலாறு

அறுவை மருத்துவத்தில் தூய்மை எவ்வாறு வேரூன்றியது என்பதைச் சொல்லும் நூல்கள் பெரும்பாலும் வெளியிலிருந்து வரும் கிருமிகளைப் பற்றியே பேசுகின்றன. மருத்துவரின் கை, அவர் பிடிக்கும் கத்தி, அறையின் காற்று, நோயாளியின் தோல் ஆகியவை தூய்மையாக்கப்பட்டதும் காயத்தில் சீழ் பிடிப்பது குறைந்தது என்பது அவற்றின் சாரம். திட்டமிட்டுச் செய்யப்படும் குடலிறக்க அறுவைக்கோ மூட்டு அறுவைக்கோ இது நன்கு பொருந்துகிறது. குடல்வால் வெடித்தோ, இரைப்பைப் புண் துளையிட்டோ, குடல் முறுக்கிக்கொண்டு அழுகியோ, விபத்தில் குடல் கிழிந்தோ வருபவரின் வயிற்றைத் திறக்கும்போது நிலைமை வேறு. பெருங்குடலில் உள்ள மலத்தின் ஒவ்வொரு கிராமிலும் ஏறத்தாழ 10,000 கோடி பாக்டீரியாக்கள் வாழ்கின்றன. அவை சிந்திக் கிடக்கும் வயிற்றறைக்குள்தான் கையும் கருவியும் போய்வர வேண்டியிருக்கிறது, அவை கலந்த நீரில்தான் காயத்தின் விளிம்புகளும் நனைகின்றன. இத்தகைய காயத்தில் தொற்றைத் தடுக்க ஏறத்தாழ ஒன்றரை நூற்றாண்டாக நடந்த முயற்சிகளைத் தொகுத்துப் பார்த்தால் ஓர் ஒழுங்கு புலப்படுகிறது: எந்தப் பொருளைக் கொண்டு தடுப்பது என்ற கேள்விக்குக் கிடைத்த விடைகளில் பல நிலைக்கவில்லை, எந்த நேரத்தில் எதைச் செய்வது என்ற கேள்விக்குக் கிடைத்த விடைகளே பெரிதும் நிலைத்தன.

அடைபட்ட அல்லது துளைபட்ட குடலுக்காக வயிற்றைத் திறக்கும் எண்ணம் மிகப் பழமையானது. சுசுருத சம்ஹிதை இத்தகைய நோயாளிக்குத் தொப்புளுக்குக் கீழே இடப்புறத்தில் வெட்டிக் குடலை வெளியே எடுத்து அடைப்பை நீக்கவும், துளை இருந்தால் கரிய எறும்புகளைக் கடிக்கவிட்டு, அவற்றின் உடலைக் கிள்ளியெறிந்து தலைகளை மட்டும் தையல் போல விட்டுவைக்கவும், குடலில் தேனும் நெய்யும் தடவி உள்ளே வைத்துத் தைக்கவும் கூறுகிறது. காயத்துக்குக் குங்கிலியம், கடுகு, வேப்பிலை முதலியவற்றால் புகையிடுவதையும், புண்பட்டவரைத் தனி அறையில் வைத்துக் காப்பதையும் அந்நூல் விதிக்கிறது. கிருமி என்ற கருத்து உருவாகாத காலத்திலேயே, வயிற்றை வெட்டும் செயலும் வெட்டிய இடத்தைக் காக்கும் செயலும் ஒரே கடமையின் இரு பகுதிகளாக இங்கே வைக்கப்பட்டிருப்பது கவனிக்கத்தக்கது.

ஐரோப்பாவில் பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை வயிற்றறை மருத்துவர்கள் நெருங்க அஞ்சிய இடமாகவே இருந்தது. வயிற்றுச் சுவரின் உட்புறத்தையும் குடல்களையும் போர்த்தியிருக்கும் மெல்லிய உறையான பெரிட்டோனியத்தில் அழற்சி ஏற்பட்டால் நோயாளி பிழைப்பது அரிது என்பது அனுபவத்தில் தெரிந்திருந்ததே அந்த அச்சத்துக்குக் காரணம். கிளாஸ்கோவில் ஜோசப் லிஸ்டர் 1865 ஆகஸ்டில் கால் எலும்பு முறிந்து தோலைக் கிழித்த பதினொரு வயதுச் சிறுவனின் காயத்துக்குக் கார்பாலிக் அமிலத்தில் தோய்த்த துணியைக் கட்டி, சீழ் பிடிக்காமல் ஆற்றியதும், அந்த முறையை 1867இல் லான்செட் இதழில் விளக்கியதும் அறுவையின் போக்கையே மாற்றின. ஆயினும் கை, கால் காயங்களுக்கு உகந்த அந்த அமிலம் வயிற்றறைக்கு ஏற்றதாக இல்லை. உயிருள்ள திசுவை அரிக்கும் அது, பரந்த உறையின் வழியாக இரத்தத்தில் கலந்து நஞ்சாகவும் மாறக்கூடியது. காற்றில் கார்பாலிக் துளிகளைத் தெளிக்கும் கருவியை லிஸ்டரே சில காலம் பயன்படுத்திவிட்டுப் பின்னர் கைவிட்டார்.

பர்மிங்ஹாமில் வயிற்றறுவையில் பெயர் பெற்ற லாசன் டெய்ட், லிஸ்டரின் கொள்கையை ஏற்க மறுத்து, சோப்பும் வெந்நீரும் கொண்ட கண்டிப்பான தூய்மையை மட்டுமே நம்பி நல்ல பலன்களைக் கண்டார். 1883இல் கருக்குழாயில் வளர்ந்து வெடித்த கருவுக்காக அவர் செய்த அறுவை அவசர வயிற்றறுவையின் தொடக்கக் காலச் சாதனைகளுள் ஒன்று. கொள்கையில் எதிரெதிரே நின்ற இருவரும் நடைமுறையில் ஒரே இடத்தை நோக்கி நகர்ந்தனர்: காயத்துக்குள் வந்துவிட்ட கிருமியைக் கொல்வதைவிட வராமல் பார்த்துக்கொள்வது எளிது. பெர்லினில் எர்ன்ஸ்ட் ஃபான் பெர்க்மனும் குர்ட் ஷிம்மல்புஷும் 1880களின் பிற்பாதியிலிருந்து கருவிகளையும் துணிகளையும் நீராவியில் வேகவைக்கும் முறையைச் செம்மைப்படுத்தினர். பால்டிமோரில் வில்லியம் ஹால்ஸ்டட், பாதரச உப்புக் கரைசலால் தோல் வெந்துபோன செவிலியர் ஒருவருக்காக 1889–90 குளிர்காலத்தில் குட்இயர் நிறுவனத்திடம் மெல்லிய ரப்பர் கையுறைகளைச் செய்வித்தார். அணிபவரைக் காக்க வந்த கையுறை நோயாளியையும் காக்கிறது என்பது, அதே மருத்துவமனையின் ஜோசப் பிளட்குட் 1899இல் குடலிறக்க அறுவைகளின் கணக்கை வெளியிட்டபோதுதான் தெளிவாயிற்று. தொற்று 17 விழுக்காட்டிலிருந்து ஏறத்தாழ 2 விழுக்காட்டுக்கு இறங்கியிருந்தது. நோயாளியைத் தயார்படுத்த நேரமில்லாத அவசர அறுவைகளுக்கென, ஃபியூமே நகரின் அந்தோனியோ கிரோசிச் 1908இல் தோலில் அயோடின் கரைசலைப் பூசும் விரைவான முறையை முன்வைத்தார். வெளிக்கிருமிக்கு எதிரான கோட்டை இவ்வாறு இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே பெருமளவு கட்டி முடிக்கப்பட்டுவிட்டது.

உள்ளிருந்து வரும் கிருமிக்கு முதல் விடை நோயறிதலிலிருந்து கிடைத்தது. பாஸ்டன் நகர நோயியல் அறிஞர் ரெஜினால்ட் ஃபிட்ஸ் 1886இல், வலது அடிவயிற்றில் சீழ்க்கட்டியாக முடியும் நோயின் தொடக்கம் பெரும்பாலும் குடல்வாலில்தான் என்று நிறுவி, அது வெடிப்பதற்கு முன்பே அறுவை செய்ய வேண்டும் என்றார். நியூயார்க்கின் சார்லஸ் மெக்பர்னி 1889இல் அதைத் தொடக்கத்திலேயே கண்டறிய உதவும் வலிப்புள்ளியை விவரித்தார். குடல்வால் வெடிக்குமுன் அகற்றப்பட்டால் காயத்தை நனைக்கச் சீழே இருக்காது என்பதால், விரைந்த அறுவை தொற்றைத் தடுக்கும் முறையும் ஆயிற்று. தாமதமானால் நேர்வதற்கு 1902ஆம் ஆண்டின் இலண்டன் சான்று. ஏழாம் எட்வர்ட் மன்னரின் முடிசூட்டு விழாவுக்கு இரண்டு நாள் முன்னதாக, ஜூன் 24 அன்று, குடல்வாலைச் சுற்றித் திரண்டிருந்த சீழ்க்கட்டியை ஃபிரெடரிக் டிரீவ்ஸ் அரண்மனையிலேயே திறந்தார். முதுமையடைந்திருந்த லிஸ்டரும் ஆலோசனைக்கு அழைக்கப்பட்டிருந்தார். டிரீவ்ஸ் குடல்வாலைத் தேடி அகற்றவில்லை. சீழை வெளியேற்றியதோடு நிறுத்திக்கொண்டார். மன்னர் உடல் தேறி ஆகஸ்ட் 9 அன்று முடிசூடினார்.

சீழ்பட்ட வயிற்றைத் திறந்தபின் காயத்தை முழுவதும் தைக்காமல் விடும் வழக்கம் போர்க்களங்களில்தான் ஒரு முறையாக வடிவம் பெற்றது. தென்னாப்பிரிக்காவில் நடந்த போயர் போரில் வயிற்றில் குண்டு பாய்ந்தவர்களை வெட்டாமல் விட்டுவைப்பதே மேல் என்ற முடிவுக்குப் பிரித்தானிய இராணுவ மருத்துவர்கள் வந்திருந்தனர். 1904–05இல் ருஷ்ய-ஜப்பானியப் போரின்போது, ருஷ்ய அறுவை மருத்துவர் வேரா கெத்ராய்ட்ஸ் களத்துக்கு அருகே ரயில் பெட்டி ஒன்றை அறுவை அரங்காக்கி, காயம்பட்ட சில மணி நேரத்துக்குள் கொண்டுவரப்பட்டவர்களின் வயிற்றைத் திறந்து பலரைக் காத்தது அந்த முடிவை அசைத்தது. முதல் உலகப் போரில் 1915 முதல் நேச நாட்டு மருத்துவர்களும் இதே வழிக்குத் திரும்பினர். அதே போரில், கெட்டுப்போன திசுவை வெட்டி நீக்கிக் காயத்தைத் துணி வைத்துத் திறந்தே விட்டு, சில நாள் கழித்துச் சீழ் இல்லையென்று உறுதிப்பட்ட பிறகு தைக்கும் முறை பரவியது. ஒத்திவைத்த முதல்தையல் எனப்படும் இம்முறைக்கு உடலியல் சார்ந்த அடிப்படை உண்டு: திறந்த காயத்தில் நான்காம், ஐந்தாம் நாளுக்குள் புதிய நுண்குழாய்களும் கிருமியை விழுங்கும் செல்களும் திரண்டுவிடுவதால், அப்போது மூடப்படும் காயம் முதல் நாளில் மூடப்படுவதைவிடத் தொற்றை நன்கு எதிர்க்கிறது. வயிற்றுக் காயங்களில் தசையைப் போர்த்திய உறுதியான உறையை மட்டும் தைத்து, தோலையும் கொழுப்பையும் திறந்துவிடும் பழக்கம் இதிலிருந்தே பொது மருத்துவமனைகளுக்கு வந்தது.

1935இல் சல்ஃபா மருந்துகளும் 1940களில் பெனிசிலினும் வந்தபோது, இத்தகைய பொறுமை இனித் தேவைப்படாது என்ற எதிர்பார்ப்பு எழுந்தது. இரண்டாம் உலகப் போரில் சல்ஃபா பொடியைக் காயத்தில் தூவுவது வழக்கமாயிற்று. தூவிய காயமும் தூவாத காயமும் ஏறத்தாழ ஒரேபோல்தான் ஆறின என்று அமெரிக்காவில் நடந்த ஒப்பீடுகள் காட்டின. 1950களில் அறுவை முடிந்த பின் பல நாள் பெனிசிலின் கொடுத்தும் காயத்தொற்று குறையாததைப் பல மருத்துவமனைகள் கண்டு, தடுப்பு மருந்து என்ற எண்ணத்தையே ஐயுற்றன.

ஐயத்தைத் தீர்த்தது மருந்தை மாற்றாமல் நேரத்தை மட்டும் மாற்றிப் பார்த்த ஓர் ஆய்வு. பாஸ்டனின் ஜான் பர்க் 1961இல் கினிப் பன்றிகளின் தோலில் ஸ்டஃபிலோகாக்கஸ் பாக்டீரியாவைச் செலுத்தி, அதற்கு முன்னும் பின்னும் வெவ்வேறு நேரங்களில் ஆன்டிபயாடிக் கொடுத்தார். கிருமி நுழையும்போதே மருந்து திசுவில் இருந்தால், செத்த கிருமியைச் செலுத்தியதால் வரும் அளவுக்கே வீக்கம் வந்தது. தாமதம் கூடக்கூடப் பயன் தேய்ந்து, மூன்று மணி நேரத்துக்குப் பின் மருந்து கொடுத்ததும் கொடுக்காததும் ஒன்றாயின. மனிதர்களிடம் இதே பாடத்தை அமெரிக்காவின் சால்ட் லேக் சிட்டியில் டேவிட் கிளாசென் குழுவினர் 1992இல் உறுதி செய்தனர்: திட்டமிட்ட அறுவைக்குள்ளான 2,847 நோயாளிகளில், கத்தி வைப்பதற்கு முந்தைய இரண்டு மணி நேரத்துக்குள் மருந்து பெற்றவர்களிடம் தொற்று 0.6 விழுக்காடாகவும், வெட்டி மூன்று மணி நேரத்துக்குப் பின் பெற்றவர்களிடம் 3.3 விழுக்காடாகவும் இருந்தது. அவசர அறுவையில் இந்த விதிக்கு ஒரு தனிச் சிக்கல் உண்டு. நோயறிந்தவுடன் வார்டில் மருந்து தொடங்கப்பட்டு, அரங்கு கிடைக்கப் பல மணி நேரமானால், வெட்டும் வேளையில் அதன் அளவு இரத்தத்தில் தேய்ந்திருக்கும். ஆகவே முன்பே கொடுத்தாயிற்று என்று விடாமல், மருந்தின் ஆயுளைப் பார்த்து அரங்கில் மீண்டும் கொடுக்க வேண்டியிருக்கிறது.

சரியான நேரத்தில் சென்ற மருந்தும் தவறான கிருமியைக் குறிவைத்தால் பயனில்லை என்பது அடுத்த படிப்பினை. அமெரிக்க அறுவை மருத்துவர் வில்லியம் ஆல்டிமெயர் 1938இல், வெடித்த குடல்வாலால் வயிற்றறை அழற்சி வந்த 100 பேரின் சீழைச் சோதித்து, ஒவ்வொன்றிலும் பல இனக் கிருமிகள் கூடி வாழ்வதையும், காற்றுப்படாத இடத்தில் மட்டும் வளரும் காற்றிலிப் பாக்டீரியாக்கள் ஏறத்தாழ எல்லோரிடமும் இருப்பதையும் காட்டினார். அவற்றை ஆய்வகத்தில் வளர்ப்பது கடினமாக இருந்ததால் இக்கண்டுபிடிப்பு நெடுங்காலம் நடைமுறைக்கு வரவில்லை. 1970களின் நடுவில் அமெரிக்க ஆய்வாளர்கள் எலிகளின் வயிற்றில் மலக்கிருமிகளை வைத்து, நோய் இரண்டு கட்டமாக நடப்பதை விளக்கினர்: முதலில் ஈ.கோலை போன்ற கிருமிகள் இரத்தத்தில் கலந்து கொல்கின்றன. தப்பிய எலிகளில் காற்றிலிகள் சீழ்க்கட்டிகளை உண்டாக்குகின்றன. முதல் வகைக்கான ஜென்டமைசின் சாவைக் குறைத்தது, இரண்டாம் வகைக்கான கிளிண்டமைசின் கட்டிகளைக் குறைத்தது, இரண்டும் சேர்ந்தால் இரண்டுமே குறைந்தன. அதே காலத்தில் இங்கிலாந்தின் லூட்டன் நகரில் ஏ.டி. வில்லிஸ் குழுவினர், ஒட்டுண்ணி நோய்க்காக வந்த மெட்ரோனிடசோல் மருந்தைக் குடல்வால் அறுவையில் பயன்படுத்தி, காற்றிலித் தொற்றைப் பெரிதும் ஒழித்தனர். இன்றும் வெடித்த குடலுக்கான அறுவையில் இரு வகைக் கிருமிகளையும் தாக்கும் மருந்துகள் சேர்த்தே கொடுக்கப்படுவதற்கு இந்த ஆய்வுகளே அடிப்படை.

எந்தக் காயத்துக்கு எவ்வளவு ஆபத்து என்று முன்கூட்டிச் சொல்ல உதவும் அளவுகோலும் இக்காலத்திலேயே உருவாயிற்று. அமெரிக்கத் தேசிய ஆய்வு மன்றம் 1964இல் வெளியிட்ட ஆய்வு, அறுவைக் காயங்களைத் தூய்மையானது, தூய்மையாயினும் குடல் போன்ற உறுப்பு திறக்கப்பட்டது, மாசுபட்டது, ஏற்கெனவே சீழ்பட்டது என நான்காகப் பிரித்தது. கனடாவின் கால்கரி நகரில் பீட்டர் குருஸும் ரோஸ்மேரி ஃபூர்டும் பத்தாண்டுகளில் 62,939 காயங்களைப் பின்தொடர்ந்து 1980இல் வெளியிட்ட கணக்கில், முதல் வகையில் 1.5 விழுக்காடாக இருந்த தொற்று நான்காம் வகையில் 40 விழுக்காடாக உயர்ந்தது. அவசர வயிற்றறுவைகளில் பெரும்பகுதி கடைசி இரு வகைகளையே சேரும். இதே ஆய்வு இன்னொன்றையும் உணர்த்தியது: காயங்களைக் கணக்கெடுத்து, ஒவ்வொரு மருத்துவருக்கும் அவரவர் தொற்று விகிதத்தைத் தெரிவித்ததே தொற்றைக் குறைத்தது. கத்தியால் மயிரை மழிப்பது தோலில் கண்ணுக்குத் தெரியாத கீறல்களை ஏற்படுத்திக் கிருமிக்கு இடம் தருகிறது என்பதும் 1971 முதல் வெளியான ஆய்வுகளால் தெளிவாகி, மருத்துவமனைகளில் நெடுங்காலம் கட்டாயமாக இருந்த ஒரு சடங்கு கைவிடப்படலாயிற்று. நோயாளியின் உடல் நிலையும் கணக்கில் வந்தது: வியன்னாவைச் சேர்ந்த ஆந்திரேயா குர்ட்ஸ் குழுவினர் 1996இல் பெருங்குடல் அறுவைக்கான 200 பேரிடம் ஒப்பிட்டபோது, அறுவையின்போது உடல் குளிர்ந்தவர்களிடம் 19 விழுக்காடாகவும், வெப்பம் காக்கப்பட்டவர்களிடம் 6 விழுக்காடாகவும் காயத்தொற்று இருந்தது.

இருபத்தோராம் நூற்றாண்டில், சந்தைக்கு வந்த பல புதிய பொருள்கள் பெரும் ஒப்பீட்டு ஆய்வுகளில் ஒவ்வொன்றாகச் சோதிக்கப்பட்டன. காயத்தின் விளிம்பை உட்புறமாகப் போர்த்தும் பிளாஸ்டிக் வளையம், 2013இல் வெளியான 760 பேர் பங்கேற்ற பிரித்தானிய ஆய்வில் தொற்றைக் குறைக்கவில்லை. ஆல்கஹால் கலந்த குளோர்ஹெக்ஸிடின் கரைசலையும் பழைய போவிடோன் அயோடினையும், கிருமிநாசினி பூசிய தையல் இழையையும் சாதாரண இழையையும் இந்தியா உட்பட ஏழு நாடுகளின் 54 மருத்துவமனைகளில் 5,788 பேரிடம் ஒப்பிட்ட 2021ஆம் ஆண்டு ஆய்வும் வேறுபாடு எதையும் காணவில்லை. விலை கூடிய இழை வெறும் இழையைவிடச் சிறந்ததாக இல்லை. மூடிய காயத்தின் மேல் ஒட்டி, தொடர்ந்து உறிஞ்சிக்கொண்டிருக்கும் எதிரழுத்தக் கட்டு, அவசர வயிற்றறுவைக்குள்ளான 840 பேரிடம் பிரிட்டனிலும் ஆஸ்திரேலியாவிலும் சோதிக்கப்பட்டு 2025இல் முடிவு வெளியானபோது, அது இருந்தவர்களிடமும் இல்லாதவர்களிடமும் தொற்று 28 விழுக்காட்டை ஒட்டியே இருந்தது. பழைய முறைகளும் இச்சோதனைக்குத் தப்பவில்லை: வெடித்த குடல்வாலுக்காக அறுவை செய்யப்பட்டவர்களிடம் தாய்லாந்தில் நடத்தி 2018இல் வெளியிட்ட ஆய்வு, உடனே தைப்பதைவிட ஒத்திவைத்துத் தைப்பது மேலானது என்று காட்டவில்லை. ஆன்டிபயாடிக் இல்லாத போர்க்களத்தில் இன்றியமையாததாக இருந்த காத்திருப்பு, வெட்டுமுன்பே மருந்து சென்றுவிட்ட நோயாளிக்கு அதே அளவில் தேவைப்படவில்லை என்று இதை விளக்கலாம்.

இந்தத் தோல்விகளின் நடுவே வெற்றி பெற்றது புதுமையென்று சொல்ல இயலாத ஒரு செயல். வயிற்றறைக்குள் வேலை முடிந்து காயத்தை மூடத் தொடங்குமுன், குழுவினர் அனைவரும் கையுறைகளையும் மூடுவதற்கான கருவிகளையும் மாற்றிக்கொண்டால் என்ன ஆகும் என்பதை, அதே ஏழு நாடுகளின் 81 மருத்துவமனைகளில் 13,301 நோயாளிகளிடம் நடந்து 2022இல் வெளியான ஆய்வு ஆராய்ந்தது. வழக்கமான முறையில் 18.9 விழுக்காடாக இருந்த தொற்று, மாற்றிய இடங்களில் 16.0 விழுக்காடாகக் குறைந்தது. குறைவு சிறிதாயினும், 66 நாடுகளின் குடல் அறுவைகளைத் தொகுத்து 2018இல் வெளியான கணக்கின்படி வளம் மிகுந்த நாடுகளில் 9.4 விழுக்காடாகவும் வளம் குன்றிய நாடுகளில் 23.2 விழுக்காடாகவும் காயத்தொற்று இருக்கும் உலகில், எந்த மருத்துவமனையும் செய்யக்கூடிய செயலால் அது கிடைத்தது என்பதே அதன் மதிப்பு. ஹால்ஸ்டட்டின் காலத்தில் வெளிக்கிருமியைத் தடுத்த கையுறை, குடலின் கிருமியைத் தன் மேல் ஏற்றபின் அதையே காயத்துக்குக் கொண்டுசேர்க்கும் வாகனமாகிறது. உள்ளே ஒன்று, மூடும்போது ஒன்று என நேரத்தால் பிரித்தபோது அது மீண்டும் காவலாயிற்று.

மருந்தை நிறுத்துவதும் நேரத்தைச் சார்ந்ததே என்பது அண்மைக்காலத்தில் சேர்ந்த அறிவு. வயிற்றறைத் தொற்றின் மூலம் அகற்றப்பட்ட பின் ஏறத்தாழ நான்கு நாள் மருந்து கொடுத்தாலும் எட்டு நாள் கொடுத்தாலும் பலன் ஒன்றே என்று அமெரிக்காவிலும் கனடாவிலும் 518 பேரிடம் நடந்த ஆய்வு 2015இல் காட்டியது. 2016இல் உலக சுகாதார நிறுவனம் வெளியிட்ட வழிகாட்டியும், காயத்தொற்றைத் தடுப்பதற்கென்று மட்டும் அறுவைக்குப் பின் ஆன்டிபயாடிக்கை நீட்டிக்க வேண்டாம் என்று அறிவுறுத்தியது. மருந்துக்கு அடங்காத கிருமிகள் பெருகும் காலத்தில், தேவையற்ற நாட்களைக் குறைப்பது அடுத்த நோயாளிக்கும் செய்யும் பாதுகாப்பு. விரைந்து நோயறிதல், வெட்டுமுன் மருந்து, உடல் குளிராமல் காத்தல், மூடுமுன் கையுறை மாற்றம், உரிய நாளில் மருந்தை நிறுத்தல் ஆகிய அனைத்துக்கும் பெரும் கருவிகள் வேண்டியதில்லை. திட்டமிட்ட அறுவையில் இவை தாமாகவே வரிசைப்படும். ஆள் குறைந்த இரவுப் பணியில், இரத்த அழுத்தம் சரியும் நோயாளியின் முன்னே, இவற்றில் ஏதேனும் ஒன்று எளிதில் விடுபடும். அவசர வயிற்றறுவையின் காயத்தொற்று இன்னும் ஏறத்தாழ கால்வாசி நோயாளிகளைத் தொடுவதற்கு நோயின் கடுமையும் குடலில் குவிந்திருக்கும் கிருமிகளும் முதன்மைக் காரணம். எஞ்சியதை வெல்லும் வாய்ப்பு, இந்த வரிசை எந்த வேளையிலும் குலையாதபடி அமைக்கப்பட்ட மருத்துவமனை ஒழுங்கில் இருக்கிறது.